பீட்டனுக்கு நேரம் தவறுமா? ஒரே மாலையில் நான் சொன்ன இரண்டு தீர்ப்புகள்

அரசலாறு (கும்பகோணம்):

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பேர் யு-கி-ஓ என்ற ஜப்பானிய கார்டு விளையாட்டை ஆடுகிறோம். பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். கார்டுகளில் பாதி, சிங்கப்பூரில் இருக்கும் என் மாமா ஊருக்கு வரும்போதெல்லாம் கொண்டுவந்து கொடுத்த பழையவை. அங்கே வயதில் பெரியவன் நான் ஒருவன்தான். அதனால் வழக்கு வந்தால் தீர்ப்பு சொல்வதும் நானே.

போன ஞாயிறு ஒரே கார்டை வைத்து இரண்டு வழக்கு வந்தது. இரண்டு தீர்ப்பும் என் அக்கா மகனுக்குச் சாதகமாக முடிந்தன. எதிரே ஆடிய பையனுக்குப் பன்னிரண்டு வயது. அவன் ஒன்றும் பேசாமல் கார்டுகளை அடுக்கி ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து எனக்கு உறுத்துகிறது. நான் சொன்னது தப்பென்றால் அவனிடம் அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

கார்டு, பீட்டன் த டார்க் கிளவுன். கிரேவ்யார்டுக்குப் போனால் அதை பானிஷ் செய்துவிட்டு, கையிலிருந்தோ டெக்கிலிருந்தோ இன்னொரு பீட்டனை ஸ்பெஷல் சம்மன் செய்யலாம். (கிரேவ்யார்டு என்பது செத்த, பயன்படுத்திய கார்டுகள் போகும் குவியல். பானிஷ் என்றால் ஆட்டத்திலிருந்தே விலக்கிவைப்பது. டெக், கார்டு எடுக்கும் கட்டு. சம்மன், மான்ஸ்டரைக் களத்தில் இறக்குவது; ஒரு கார்டின் வேலையால் இறக்கினால் ஸ்பெஷல் சம்மன்.)

முதல் வழக்கு: அக்கா மகன் பீட்டனை டிரிபியூட் (பலி) கொடுத்து மோபியஸ் த ஃப்ராஸ்ட் மோனார்க்கை இறக்கினான். மோபியஸை டிரிபியூட் சம்மன் செய்தால் களத்தில் இருக்கும் ஸ்பெல் (மந்திரம்), டிராப் (பொறி) கார்டுகளில் இரண்டு வரை அழிக்கலாம். அதையும் செய்தான், பீட்டனையும் இறக்கினான். பையன் “அது வரக்கூடாது அண்ணா” என்றான். கிரேவ்யார்டுக்குப் போயிற்றே, வரலாம் என்றேன் நான்.

இரண்டாவது வழக்கு: அடுத்த ஆட்டத்தில் பையன் பக்கம் பீட்டன், அக்கா மகன் பக்கம் சங்கன். பையன் தன் முறையில், களத்தில் உள்ள எல்லா மான்ஸ்டர்களையும் அழிக்கும் டார்க் ஹோல் போட்டான். இரண்டும் செத்தன. சங்கன் கட்டாயமாக வேலை செய்யும் கார்டு, டெக்கிலிருந்து ஒரு மான்ஸ்டரைக் கைக்கு எடுக்கும். அது முதலில் நடக்கட்டும் என்றேன். நடந்த பிறகு அக்கா மகன், “இப்போது பீட்டனுக்கு நேரம் தவறிவிட்டது, கடைசியாக நடந்தது நான் கார்டு எடுத்ததுதான்” என்றான். அவன் எங்கோ படித்திருக்கிறான். எனக்கும் சரியாகப் பட்டது. பீட்டன் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வெட்டாற்றங்கரை (திருவாரூர்):

முதல் தீர்ப்பு சரிதான் அண்ணே. போனது போனதுதான். டிரிபியூட்டாகப் போனால் என்ன, அடிபட்டுப் போனால் என்ன, கிரேவ்யார்டு ஒன்றுதானே. நாங்கள் காலேஜ் ஹாஸ்டலில் நாலு வருஷம் இப்படித்தான் ஆடினோம். இரண்டாவதுதான் இடிக்கிறது. ஒரே நேரத்தில் செத்த இரண்டில் ஒன்றுக்கு உண்டு, ஒன்றுக்கு இல்லை என்றால் நியாயமாக இல்லை.


வெண்ணாறு (தஞ்சாவூர்):

அரசலாறு அண்ணே, இரண்டு தீர்ப்பும் தப்பு. முதல் வழக்கில் பீட்டன் வந்திருக்கக் கூடாது. இரண்டாவதில் வந்திருக்க வேண்டும். அந்தப் பையன் சொன்னது சரி.

இந்த விதிக்கு ‘மிஸ்ஸிங் த டைமிங்’ என்று பெயர். கார்டில் ‘வென்’ என்ற சொல்லும் ‘யூ கேன்’ என்ற சொல்லும் சேர்ந்து இருந்தால், அந்த எஃபெக்ட் (கார்டு செய்யும் வேலை) எந்தச் சம்பவத்துக்காகக் காத்திருக்கிறதோ அந்தச் சம்பவமே ஆட்டத்தில் கடைசியாக நடந்ததாக இருக்க வேண்டும். அதன் மேல் வேறு ஏதாவது நடந்துவிட்டால் வாய்ப்பு போயிற்று. இரண்டு சொல்லும் சேர்ந்தால்தான் இந்தச் சிக்கல். ‘வென்’ இருந்த இடத்தில் ‘இஃப்’ இருந்தால் தவறாது. ‘வென்’ இருந்தாலும் ‘யூ கேன்’ இல்லாமல் கட்டாய எஃபெக்டாக இருந்தால் தவறாது.

பீட்டனில் இரண்டும் இருக்கிறது.

டிரிபியூட் சம்மனில் முதலில் பீட்டன் கிரேவ்யார்டுக்குப் போகிறது. அதன் பிறகு மோபியஸ் களத்துக்கு வருகிறது. நடுவில் பீட்டன் எழுந்து பேச இடமே இல்லை. சம்மன் முடிந்து எஃபெக்டுகளைத் தொடங்கும் வேளை வரும்போது, கடைசியாக நடந்தது மோபியஸ் வந்தது. பீட்டன் போனது பழைய கதை. எதிராளி சாலம் ஜட்ஜ்மென்ட் போட்டு மோபியஸின் சம்மனையே ரத்து செய்தாலும் பீட்டனுக்கு வழி இல்லை. அப்போது கடைசியாக நடந்தது மோபியஸ் அழிந்தது.

பீட்டன் இருந்த இடத்தில் சங்கன் இருந்திருந்தால்? சங்கன் கட்டாயம். அதனால் மோபியஸ் வந்த பிறகு சங்கனும் வேலை செய்யும், மோபியஸும் வேலை செய்யும். போனது ஒரே கிரேவ்யார்டு என்பது உண்மை, வெட்டாற்றங்கரை. ஆனால் கார்டின் சொல் வேறு.

இரண்டாவது வழக்கைத் தனியாக எழுதுகிறேன். அதில் இன்னொரு விதியும் கலந்திருக்கிறது, அவசரமாக எழுதினால் குழம்பும்.


கடைமடை (திருத்துறைப்பூண்டி):

நான் மேஜிக் த கேதரிங் என்ற இன்னொரு கார்டு விளையாட்டை ஆடி வளர்ந்தவன். இதைப் படித்ததும் மனம் ஒப்பவில்லை. மேஜிக்கிலும் ‘வென்’ என்றுதான் எழுதியிருக்கும். ஒரு கிரீச்சர் செத்தால் அதன் டிரிகர் (அந்தச் சாவால் தூண்டப்படும் எஃபெக்ட்) தொலைந்துபோகாது. அடுத்து யாருக்காவது பிரியாரிட்டி (எதையாவது போடும் வாய்ப்பு) கிடைக்கப்போகும் வேளை வரை காத்திருந்து ஸ்டாக்கில் (நிறைவேறக் காத்திருப்பவற்றின் அடுக்கில்) ஏறும். ஒரு ஸ்பெல்லுக்குக் காஸ்டாக (அதைப் போடுவதற்கான விலையாக) என் கிரீச்சரை நானே பலி கொடுத்தாலும், அதன் டிரிகர் அந்த ஸ்பெல்லுக்கு மேலே போய் உட்கார்ந்து முதலில் நிறைவேறும். அங்கே ‘வென்’ யாரையும் ஏமாற்றுவதில்லை.

ஒரே ஆங்கிலச் சொல் ஒரு விளையாட்டில் காத்திருக்கிறது, இன்னொன்றில் கைவிடுகிறது. பிள்ளைகள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?


வெண்ணாறு (தஞ்சாவூர்):

கடைமடை அண்ணே, நீங்கள் சொல்லும் மேஜிக் விதி அப்படியே சரி. வித்தியாசம் சொல்லில் இல்லை, ஆட்டம் எங்கே நிற்கிறது என்பதில் இருக்கிறது. 1999-இல் ஆறாம் பதிப்போடு மேஜிக்குக்கு ஸ்டாக் வந்தது. அதில் மேலே இருப்பது ஒன்று நிறைவேறியதும் ஆட்டம் நிற்கும், புதிதாக ஏதாவது போடலாம். யு-கி-ஓவில் ஒன்றுக்குப் பதிலாக ஒன்று என்று அடுக்கிக்கொண்டே போகும் எஃபெக்டுகளின் தொடருக்குச் செயின் என்று பெயர், அதில் ஒவ்வொன்றும் ஒரு லிங்க். அந்தச் செயினும் கடைசியில் வந்தது முதலில் என்றுதான் நிறைவேறும். ஆனால் நிறைவேறத் தொடங்கிவிட்டால் அடி வரை நிற்காது. நடுவில் புதிதாக எதையும் நுழைக்க முடியாது.

நான்கு லிங்க் உள்ள செயினில் மூன்றாவது லிங்க்கில் பீட்டன் செத்தால், இரண்டாவதும் முதலாவதும் நிறைவேறிய பிறகுதான் ஆட்டம் நிற்கிறது. நிற்கும்போது கடைசியாக நடந்தது முதல் லிங்க்கின் வேலை.


நாற்றங்கால் (மன்னார்குடி):

நான் தமிழாசிரியை. என் மகள் ஆடுவதால் இந்த விளையாட்டு ஓரளவு பழக்கம். அரசலாறு தம்பியின் முதல் பதிவைத் திரும்பப் படித்துப் பாருங்கள். தப்பு எங்கே தொடங்கியது என்று தெரியும். “கிரேவ்யார்டுக்குப் போனால்” என்று எழுதியிருக்கிறீர்கள். கார்டு சொல்வது “போனால்” இல்லை. “போனதும்”.

தமிழில் இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எந்தப் பிள்ளைக்கும் தெரியும். “மேட்டூர்த் தண்ணீர் வந்தால் குறுவை போடலாம்” என்றால், தண்ணீர் வந்திருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி. இன்றைக்கும் போடலாம், நாலு நாள் கழித்தும் போடலாம். “தண்ணீர் வந்ததும் மடையைத் திற” என்றால், வந்த அந்த நொடியோடு சேர்த்துத்தான் பேச்சு.

அடுத்தது, ‘லாம்’ என்ற விகுதி. “இறக்கலாம்” என்பது உங்கள் விருப்பம். “எடுக்க வேண்டும்” என்பது கட்டாயம். எனவே நேரம் தவறும் கார்டு ‘ததும்’, ‘லாம்’ இரண்டும் சேர்ந்த கார்டு. “அனுப்பப்பட்டதும் இறக்கலாம்”: தவறும். “அனுப்பப்பட்டதும் எடுக்க வேண்டும்”: தவறாது. “அனுப்பப்பட்டால் இறக்கலாம்”: தவறாது. என் மகளுக்கு ஆங்கிலத்தில் ஒரு மாதமாகப் புரியாதது இப்படிச் சொன்ன அன்றைக்கே புரிந்துவிட்டது.

‘வென்’ என்பதைப் பலரும் “போகும்போது” என்று மொழிபெயர்க்கிறார்கள். அது தவறான வழியில் இழுக்கும். “போகும்போது” என்றால் போய்க்கொண்டிருக்கையில் என்ற பொருள் வந்துவிடும். இங்கே சம்பவம் முடிந்திருக்க வேண்டும், முடிந்த கையோடு. “போனதும்” என்பதே பொருந்துகிறது.


புகார்க்கரை (சீர்காழி):

டீச்சர் சொன்னது ஜப்பானிய மூலத்தோடும் ஒத்துப்போகிறது! நான் ஜப்பானிய மொழி படிக்கிறேன். இந்த விளையாட்டு 1999-இல் ஜப்பானில் தொடங்கி, 2002-இல்தான் ஆங்கிலத்துக்கு வந்தது. ஜப்பானியக் கார்டுகளில் நேரம் தவறும் எஃபெக்டுகளில் ‘டோக்கி’ என்று இருக்கும். நேரம், பொழுது என்று பொருள். தவறாதவற்றில் ‘பா-ஆய்’ என்று இருக்கும். அதற்கு நம் ஊர் பத்திரங்களில் வரும் “பட்சத்தில்” என்ற சொல்லை வைக்கலாம். “அனுப்பப்பட்ட பொழுது”, “அனுப்பப்பட்ட பட்சத்தில்”. அங்கே இரண்டும் வினைக்குப் பின்னால்தான் ஒட்டும், தமிழைப் போலவே. ஆங்கிலத்தில் அது வாக்கியத்தின் தலையில் ஒரு சின்னச் சொல்லாக நிற்பதால் கண்ணில் படாமல் போகிறது.

இன்னொன்று. பழைய ஆங்கிலக் கார்டுகளை நம்பித் தீர்ப்பு சொல்லாதீர்கள். 2011-இல், இந்த விளையாட்டை வெளியிடும் கொனாமி நிறுவனம் கார்டுகளின் வாக்கிய அமைப்பையே மாற்றியது. அதன் பிறகு வந்த அச்சுகளில் கோலனுக்கு முன்னால் இருப்பது நிபந்தனை. கோலனுக்கும் செமிகோலனுக்கும் நடுவில் இருப்பது, காஸ்ட் கொடுப்பது, இலக்கைத் தேர்ந்தெடுப்பது மாதிரி எஃபெக்டைத் தொடங்கும்போதே செய்ய வேண்டியது. செமிகோலனுக்குப் பின்னால் இருப்பதுதான் நிறைவேறும்போது நடப்பது. மாமா கொடுத்த கார்டில் ‘பானிஷ்’ என்று இல்லாமல் ‘ரிமூவ் ஃப்ரம் ப்ளே’ என்று இருந்தால் அது பழைய அச்சு. கொனாமியின் அதிகாரபூர்வ கார்டு டேட்டாபேஸில் இன்றைய வாசகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.


அரசலாறு (கும்பகோணம்):

இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். எங்கள் பீட்டன் மூன்றும் ‘ரிமூவ் ஃப்ரம் ப்ளே’ கார்டுகள்தான். கோலனும் இல்லை, செமிகோலனும் இல்லை. ஆனால் ‘வென்’ இருக்கிறது, ‘யூ கேன்’ இருக்கிறது. பல வருஷமாகக் கையில் வைத்திருந்த கார்டு. நான்தான் படிக்கவில்லை.

முதல் வழக்கு புரிந்துவிட்டது. இதே கார்டில் இன்னும் இரண்டு சந்தேகம். எங்கள் பிள்ளைகள் லைட்னிங் வோர்டெக்ஸுக்குக் கையிலிருந்து பீட்டனைப் போடுவார்கள், பீட்டன் வரும் என்று. அப்புறம் கார்டு டிஸ்ட்ரக்‌ஷன் போட்டுக் கை முழுவதையும் கொட்டும்போதும் இப்படியே செய்கிறார்கள். இவை எப்படி?


வெண்ணாறு (தஞ்சாவூர்):

இரண்டிலும் வராது, வேறு வேறு காரணத்தால்.

லைட்னிங் வோர்டெக்ஸில் ஒரு கார்டைப் போடுவது காஸ்ட். செமிகோலனுக்கு முன்னால் இருக்கிறது. காஸ்ட் கொடுத்து, செயினில் ஏற்றி, பிறகு நிறைவேறி எதிராளியின் நிமிர்ந்த மான்ஸ்டர்கள் அழிகின்றன. கடைசியாக நடந்தது அந்த அழிவு. பீட்டன் போனது அதற்கு முன்னால்.

கார்டு டிஸ்ட்ரக்‌ஷனில் கொட்டுவது காஸ்ட் இல்லை, எஃபெக்டேதான். ஆனால் கொட்டிவிட்டு, ‘தென்’, கொட்டிய எண்ணிக்கைக்கு எடுக்க வேண்டும். கடைசியாக நடந்தது எடுத்தது. இதற்கு நேர் எதிரானது டார்க் வேர்ல்டு டீலிங்ஸ். அதில் இருவரும் ஒரு கார்டு எடுத்துவிட்டு, ‘தென்’, ஒன்றைப் போட வேண்டும். அங்கே போட்டதுதான் கடைசி. அதில் பீட்டனைப் போட்டால் தாராளமாக வரும், வேறு செயின் லிங்க்குக்கு மேலே அது நிறைவேறாத வரை.

டீச்சர் பாணியில் சொன்னால், போட்டுவிட்டு எடு என்றால் தவறும், எடுத்துவிட்டுப் போடு என்றால் தவறாது. அந்த ‘விட்டு’தான் ‘தென்’. ‘அண்ட் இஃப் யூ டூ’, ‘ஆல்சோ’ என்று வந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததாகக் கணக்கு. அங்கே ‘விட்டு’ கிடையாது.


வெட்டாற்றங்கரை (திருவாரூர்):

நான் சொன்னது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஹாஸ்டலில் நாலு வருஷம் தப்பாகவே ஆடியிருக்கிறோம்.

எனக்கு இது எங்கள் வாய்க்கால் முறை மாதிரி தோன்றுகிறது. தண்ணீர் குறைந்த நாளில் முறை வைத்துப் பாய்ச்சுவோம். நம் முறை வரும் நேரத்தில் மடையில் ஆள் நிற்க வேண்டும். இல்லை என்றால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும், அப்புறம் கேட்டால் கிடைக்காது. சரியா?


வெண்ணாறு (தஞ்சாவூர்):

பாதி சரி. ஆனால் அந்த உவமையில் ஆள் தூங்கியதால் தண்ணீர் போனது என்று வருகிறது. பீட்டன் வைத்திருந்தவர் தூங்கவில்லை. கண் விழித்து மடையிலேயே நின்றாலும் கிடைக்காது. இதுதான் புதிதாக வருபவர்களுக்குக் கசக்கும் இடம். “நான் அப்போதே சொன்னேனே” என்பார்கள். சொன்னாலும் பயன் இல்லை.

நான் பிள்ளைகளுக்குப் பேருந்தைச் சொல்வேன். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் நிறுத்தமில்லாப் பேருந்தில் ஏறிவிட்டீர்கள். பாபநாசம் வருகிறது, கண்ணால் பார்க்கிறீர்கள், தாண்டியும் போகிறீர்கள். பேருந்து நிற்காது. கும்பகோணத்தில் நிற்கும்போது நீங்கள் இருப்பது கும்பகோணம். ‘வென், யூ கேன்’ கார்டு, பேருந்து நிற்கும் இடம் பாபநாசமாக இருந்தால்தான் இறங்கும். ‘இஃப்’ கார்டுக்கு, வழியில் பாபநாசத்தைத் தாண்டினோமா என்பது மட்டும் போதும். கும்பகோணத்தில் இறங்கிக்கூட அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும்.


கடைமடை (திருத்துறைப்பூண்டி):

இந்த உவமை எனக்கு வேலை செய்கிறது. மேஜிக் எல்லா ஊரிலும் நிற்கும் பேருந்து, இது எக்ஸ்பிரஸ். சரி, கோபம் கொஞ்சம் தணிந்தது. ஆனாலும் இதைக் கார்டிலேயே தெளிவாக எழுதியிருக்கலாம் என்ற என் எண்ணம் மாறவில்லை. ஒரு சொல்லை வைத்து ஆட்டம் தோற்கும் பிள்ளைக்கு அந்தச் சொல் எங்காவது விளக்கப்பட்டிருக்க வேண்டும்.


வெண்ணாறு (தஞ்சாவூர்):

அதில் நான் உங்கள் பக்கம்.

இப்போது இரண்டாவது வழக்கு. டார்க் ஹோல் நார்மல் ஸ்பெல். அது எப்போதும் செயினின் முதல் லிங்க்காக மட்டுமே இருக்க முடியும், எனவே கடைசியில்தான் நிறைவேறும். அது நிறைவேறியபோது பீட்டனும் சங்கனும் ஒரே நேரத்தில் கிரேவ்யார்டுக்குப் போயின. ஆட்டம் நிற்கிறது. கடைசியாக நடந்தது என்ன? இரண்டும் போனது. பீட்டனுக்கு நேரம் சரியாக இருக்கிறது.

உங்கள் அக்கா மகன் எங்கே வழுக்கினான் என்றால், சங்கனை முதலில் முழுதாக முடித்துவிட்டு, பிறகு பீட்டனைக் கேட்டான். அப்படிக் கிடையாது. ஒரே நேரத்தில் தூண்டப்பட்ட எஃபெக்டுகள் எல்லாம் ஒரே புதிய செயினில் ஏறும். முதலில் முறைக்காரரின் கட்டாய எஃபெக்டுகள், அடுத்து எதிராளியின் கட்டாய எஃபெக்டுகள், அதன் மேல் முறைக்காரரின் விருப்ப எஃபெக்டுகள், கடைசியில் எதிராளியின் விருப்ப எஃபெக்டுகள். முறை பையனுடையது. அவனுக்குக் கட்டாய எஃபெக்ட் இல்லை. எதிராளியின் சங்கன் கட்டாயம், எனவே அது முதல் லிங்க். பையனின் பீட்டன் விருப்பம், அது இரண்டாவது லிங்க். நிறைவேறும்போது மேலிருந்து கீழே. அதாவது பீட்டன் முதலில் வந்து இறங்கும், அதன் பிறகுதான் சங்கன் கார்டு எடுக்கும்.

‘கட்டாயம் முதலில்’ என்பது ஏறும் வரிசை. வேலை நடக்கும் வரிசை தலைகீழ். நிறையப் பேர் இதில்தான் தடுமாறுகிறார்கள்.

ஒன்று கேட்க வேண்டும் அண்ணே. அந்த ஆட்டத்தில் உங்கள் அக்கா மகன் பக்கம் கவிழ்த்து வைத்த டிராப் ஏதாவது இருந்ததா?


அரசலாறு (கும்பகோணம்):

இருந்தது. டாரென்ஷியல் டிரிபியூட். ஆட்டம் முடிந்த பிறகு திருப்பிக் காட்டினான். “பீட்டன் வந்திருந்தாலும் இதைப் போட்டு அழித்திருப்பேன், அதனால் தீர்ப்பு எப்படி இருந்தாலும் ஒன்றுதான்” என்றான். அதைக் கேட்டு நானும் கொஞ்சம் சமாதானம் ஆனேன். ஏன் கேட்கிறீர்கள்?


வெண்ணாறு (தஞ்சாவூர்):

அதைப் போட்டிருக்க முடியாது என்பதால்தான் கேட்டேன்.

டாரென்ஷியல் டிரிபியூட் ஒரு மான்ஸ்டர் சம்மன் ஆனதும் போடும் டிராப். அதுவும் ‘வென்’. பீட்டன் இறங்கியது இரண்டாவது லிங்க். அதன் பிறகு முதல் லிங்க் நிறைவேறிச் சங்கன் கார்டு எடுத்தது. ஆட்டம் நிற்கும்போது கடைசியாக நடந்தது கார்டு எடுத்தது, சம்மன் இல்லை. அவனுடைய சொந்தச் சங்கனே அவனுடைய டிராப்பின் நேரத்தைத் தவற வைத்துவிட்டது. பீட்டன் பத்திரமாக நின்றிருக்கும்.

எனவே அந்தத் தீர்ப்பு எப்படி இருந்தாலும் ஒன்றுதான் என்பது சரியில்லை. பையன் களத்தில் ஒரு மான்ஸ்டரோடு அந்த முறையை முடித்திருப்பான்.


நாற்றங்கால் (மன்னார்குடி):

இதைப் படித்து என் மகள் கைதட்டினாள். அவள் கேட்டது: அப்படியானால் இதை வேண்டுமென்றே செய்யலாமா? எதிராளியின் பீட்டன் திரும்பி வராதபடி கொல்ல வழி உண்டா?


வெண்ணாறு (தஞ்சாவூர்):

உண்டு, நல்ல கேள்வி. நன்றாக ஆடுபவர்கள் அதைத்தான் செய்வார்கள். கையில் ராய்கெக்கி பிரேக் டிராப் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தனியாகப் போட்டுப் பீட்டனை அழித்தால் அது முதல் லிங்க், அழிவே கடைசி, பீட்டன் திரும்ப வரும். அவசரப்படாமல், எதிராளி ஏதாவது ஒரு ஸ்பெல் போடும்வரை காத்திருந்து அதற்குச் செயினாகப் போட்டால், ராய்கெக்கி பிரேக் இரண்டாவது லிங்க். பீட்டன் சாகும், பிறகு எதிராளியின் ஸ்பெல் நிறைவேறும், அது என்ன செய்கிறதோ அதுவே கடைசி. பீட்டன் வராது. அடித்தது அதே டிராப், அடித்த நேரம்தான் வேறு. இந்த விதியை எனக்குப் பிடிப்பதற்கு இதுவே காரணம். காத்திருக்கத் தெரிந்தவருக்கு இது கூலி கொடுக்கிறது.

சங்கனிடம் இந்த வித்தை பலிக்காது என்பதையும் மகளுக்குச் சொல்லுங்கள்.


புகார்க்கரை (சீர்காழி):

யு-கி-ஓவின் மின்னணு வடிவமான மாஸ்டர் டூயலைக் கைபேசியில் ஆடுபவர்களுக்கு ஒரு யோசனை. 2022 ஜனவரியில் வந்தது, இலவசம். நேரம் தவறிய எஃபெக்டைச் செய்யட்டுமா என்று அது கேட்கவே கேட்காது. ஏன் கேட்கவில்லை என்று ஆட்டத்தின் பதிவைத் திறந்து, கடைசியாக என்ன நடந்தது என்று பார்த்தால் விடை இருக்கும். நான் பழகியது அப்படித்தான். ஆனால் அது கேட்காததை வைத்து அது பழுது என்று நினைத்து விட்டுவிடும் பிள்ளைகளும் உண்டு. பக்கத்தில் யாராவது உட்கார்ந்து சொன்னால் நல்லது.


அரசலாறு (கும்பகோணம்):

நேற்று ஞாயிறு. நடந்ததைச் சொல்கிறேன்.

காலையிலேயே பையன் வீட்டுக்குப் போனேன். அவன் அப்பாவும் இருந்தார். போன வாரம் இரண்டு தீர்ப்பும் தப்பு, முதல் வழக்கில் நீ சொன்னது சரி, இரண்டாவதில் உனக்குப் பீட்டன் வந்திருக்க வேண்டும் என்று சொன்னேன். “எனக்குத் தெரியும் அண்ணா, ஆனால் ஏன்னு சொல்லத் தெரியல” என்றான். மாலையில் திண்ணைக்கு வந்தான்.

எல்லோர் முன்னாலும் இந்த இழையில் இருப்பதை விளக்கினேன். டீச்சர் சொன்ன ‘ததும்’, ‘லாம்’ கணக்கு உடனே ஏறியது. பேருந்து உவமையை ஒருவன் எடுத்துக்கொண்டு, கார்டை எதிராளி தொடும்போதெல்லாம் “பாபநாசம், பாபநாசம்” என்று கத்திக்கொண்டிருந்தான். பிறகு எல்லா ‘வென், யூ கேன்’ கார்டுகளையும் பொறுக்கி எடுத்து, உறைக்குள் ஒரு சின்னத் துண்டுக் காகிதத்தில் ‘ததும்’ என்று எழுதிப் பின்பக்கமாகச் செருகினோம். அப்புறம்தான் ஒருவன் சொன்னான், உறையின் பின்பக்கம் தெரிந்தால் எதிராளிக்கு எந்தக் கார்டு என்று தெரிந்துவிடுமே என்று. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரு நோட்டில் பட்டியலாக எழுதிவைத்தோம். இருபத்திரண்டு கார்டுகள் வந்தன.

இரண்டாவது ஆட்டத்தின் நிலையைப் பையன் அப்படியே நினைவில் வைத்திருந்தான். யார் கையில் எத்தனை கார்டு, யாருக்கு எவ்வளவு லைஃப் பாயிண்ட், எல்லாம். அக்கா மகன் மறுக்கவில்லை, அவனும் உட்கார்ந்தான். டார்க் ஹோலிலிருந்து தொடர்ந்தார்கள். சங்கன் முதல் லிங்க், பீட்டன் இரண்டாவது. பீட்டன் இறங்கியது, சங்கன் கார்டு எடுத்தது, டாரென்ஷியல் டிரிபியூட் கவிழ்ந்தபடியே கிடந்தது. ஆட்டத்தை மறுபடியும் அக்கா மகன்தான் ஜெயித்தான், ஆனால் ஆறு முறை தாண்டி. பையன் கார்டுகளைக் கலைத்து, “இன்னொன்னு” என்றான்.

அந்த இன்னொன்றில் ஒரு வழக்கு வந்தது. தீர்ப்பு சொல்லாமல் இங்கே கேட்கிறேன் என்று நிறுத்திவைத்திருக்கிறேன். அக்கா மகன் கார்டு எடுக்கும் ஒரு ஸ்பெல் போட்டான். பையன் அதற்குச் செயினாகக் கால் ஆஃப் த ஹாண்டட் போட்டு கிரேவ்யார்டிலிருந்து ஒரு பெரிய மான்ஸ்டரை எழுப்பினான். அதன் பிறகு ஸ்பெல் நிறைவேறி அக்கா மகன் கார்டு எடுத்தான். எடுத்து முடித்துவிட்டு, அதே டாரென்ஷியல் டிரிபியூட்டைத் திருப்பினான். போடலாமா?


வெட்டாற்றங்கரை (திருவாரூர்):

வெண்ணாறு வருவதற்கு முன்னால் நான் சொல்லிப் பார்க்கிறேன். கால் ஆஃப் த ஹாண்டட் இரண்டாவது லிங்க். மான்ஸ்டர் எழுந்தது முதலில், கார்டு எடுத்தது கடைசியில். டிராப் காத்திருப்பது சம்மனுக்கு. போட முடியாது. அந்த மான்ஸ்டர் நிற்கும்.


வெண்ணாறு (தஞ்சாவூர்):

சரி. நிற்கும். டிராப்பைத் திரும்பக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடரச் சொல்லுங்கள் அண்ணே.